கழிமுகத்தில் ஓர் ஊதாரி நடை

நடப்பதில் மனித உடம்பு ஒரு கஞ்சன். சிம்பன்சிகளை டிரெட்மில்லில் ஏற்றி, முகமூடி மாட்டி, அவை இழுக்கும் ஆக்சிஜனை அளந்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. எடைக்கு எடை, தூரத்துக்குத் தூரம் ஒப்பிட்டால், சிம்பன்சி நடக்கச் செலவிடும் ஆற்றலில் கால்வாசிதான் நமக்கு ஆகிறது. அது நாலு காலில் நடந்தாலும் ரெண்டு காலில் நடந்தாலும் கணக்கு ஏறக்குறைய அதேதான். இரை தேடி நாளெல்லாம் அலைந்த முன்னோர்களுக்கு இந்தச் சிக்கனம் உயிரைக் காத்த குணம். உட்கார்ந்து வேலை பார்த்து, நடப்பதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கும் நமக்கு அதுவே தொந்தரவு. எவ்வளவு நடந்தாலும் பெரிதாக ஒன்றும் செலவாவதில்லை.

இந்தக் கஞ்சனைச் செலவு செய்ய வைக்கும் ஒரு தந்திரம் பின்லாந்தில் பிறந்தது. ஆளுக்கு இரண்டு கோல், அவ்வளவுதான். நார்டிக் நடை என்ற பெயரில் அது ஐரோப்பா முழுக்கப் பரவி, இன்று குழுவாகச் சேர்ந்து போகும் பொழுதுபோக்காகிவிட்டது. இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் பகுதியில், எக்ஸ் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி ஓடும் பாதை இதற்குத் தோதான இடம். ஏற்ற இறக்கம் அதிகமில்லை. கூடவே ரயில் தண்டவாளம், பக்கத்தில் தண்ணீர் அல்லது சேறு. எது என்பது நேரத்தைப் பொறுத்தது. எக்ஸ்மத் ஊரிலிருந்து லிம்ப்ஸ்டோன் கிராமம் வரை சுமார் 4 கிலோமீட்டர். கால் வலித்தால் ரயிலேறித் திரும்பிவிடலாம். அந்த ரயில் தடத்துக்கு வைத்திருக்கும் பெயரே ஒரு பறவையின் பெயர்: அவோசெட். நம் பறவை ஆர்வலர்கள் கோணமூக்கு உள்ளான் என்பது அதைத்தான்.

இந்தப் பாதையில் கோல்களோடு போகும் கூட்டத்தை முதன்முறை பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். பனி இல்லாத இடத்தில் பனிச்சறுக்குக்குக் கிளம்பியவர்கள்போல இருப்பார்கள். சிரிப்பு அடங்கியபின் கைகளைக் கவனிக்க வேண்டும். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

முதலில், கோல் இல்லாத நடை. தரையில் ஊன்றிய கால் ஒரு தலைகீழ் ஊசல். பாதம் அதன் அச்சு. இடுப்பு அதற்கு மேலே ஒரு வில்லை வரைந்து கடக்கிறது. கால் செங்குத்தாக நிற்கும் கணத்தில் உடல் மிக உயரத்தில் இருக்கும், வேகம் மிகக் குறைவாக இருக்கும். அங்கிருந்து முன்னால் சரியும்போது உயரம் வேகமாகிறது. அடுத்த காலின்மேல் ஏறும்போது வேகம் மறுபடி உயரமாகிறது. நமக்கு வசதியான வேகத்தில் நடந்தால், இந்தக் கைமாற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல் திரும்பக் கிடைத்துவிடும். மிச்சத்தை மட்டும் தசை ஈடுகட்டினால் போதும்.

கைகள் எதற்கு ஆடுகின்றன? சும்மா தொங்குவதால் ஆடுகின்றன என்று நினைப்போம். பாதி உண்மை. 2009-இல் ஸ்டீவன் காலின்ஸும் அவருடைய சகாக்களும் சிலரை நடக்கவிட்டு அளந்தார்கள். கையை ஆட்டாமல் இறுக்கி வைத்துக்கொண்டு நடந்தபோது 12 விழுக்காடு கூடுதல் ஆற்றல் செலவானது. வலது காலோடு வலது கை போகும்படி மாற்றி நடந்தபோது 26 விழுக்காடு கூடியது. இயல்பான ஆட்டத்துக்குத் தோள் தசை கொடுக்க வேண்டிய விலையோ மிகக் குறைவு. கால் வீசும்போது உடம்பு அச்சில் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். எதிர்க்கை அதை ரத்துசெய்கிறது. ஆக, கையின் ஆட்டம்கூடச் சிக்கனத்துக்குத்தான்.

அந்தச் சிக்கனக் கையில் கோலைக் கொடுப்பதுதான் தந்திரம். இது தாத்தாவின் ஊன்றுகோல்போல முன்னால் நேராகக் குத்தி எடையைச் சாய்ப்பதற்கில்லை. மலையேறுகிறவர்கள் பிடிக்கும் கோலும் இதிலிருந்து வேறு. நார்டிக் கோல் எப்போதும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். முன்னே போன குதிகாலைத் தாண்டாமல், இரண்டு பாதங்களுக்கும் நடுவில் எங்கோ அதன் முனை தரையைத் தொடும். அங்கிருந்து கை கீழேயும் பின்னாலும் தள்ளத் தள்ள, உடல் முன்னால் போகும். கை இடுப்பைத் தாண்டிப் பின்னே போனதும் விரல்கள் விரிந்து கோலை விட்டுவிடும். கோல் கீழே விழாது. மணிக்கட்டில் மாட்டிய பட்டை அதைப் பிடித்திருக்கிறது. தள்ளும் விசையும் அந்தப் பட்டை வழியாகவே போகிறது. புதிதாக வருபவர்களுக்கு இந்த விடுதல்தான் கடினம். பயத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையை மடக்கி, கோலைச் சும்மா தரையில் இழுத்துக்கொண்டு போவார்கள். அப்படிப் போனால் கோல் வெறும் சுமை.

சரியாகச் செய்தால் மேற்கையின் பின்புறத் தசையும், அக்குளிலிருந்து முதுகுக்குப் பரவும் அகன்ற தசையும், வயிற்றின் பக்கத் தசைகளும் நடைக்குள் வந்துவிடும். கோலின் நீளம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்குச் சுமார் 112 சென்டிமீட்டர் கோல். முனையில் கூரான உலோகம். எக்ஸ் பாதையின் பெரும்பகுதி தார் போட்டது என்பதால், அதன்மேல் சின்னக் குளம்பு வடிவத்தில் ஒரு ரப்பர் உறை மாட்டிக்கொள்வார்கள். அந்தக் குளம்பும் பின்னோக்கி வெட்டப்பட்டிருக்கும். திருப்பி மாட்டிக்கொண்டு வழுக்குகிறதே என்று திகைப்பவர் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் உண்டு.

பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர்கள் பனி இல்லாத கோடையில் கோலோடு ஓடியும் நடந்தும் பயிற்சி செய்வது பழைய வழக்கம். வீரர்களின் பயிற்சி பொதுமக்களிடம் வந்து சேர்ந்தது பிற்பாடுதான். 1997-இல் எக்செல் என்ற கோல் தயாரிப்பு நிறுவனமும், மக்களை வெளியில் நடமாட வைப்பதற்கென்றே இருக்கும் சுவோமென் லாட்டு அமைப்பும், மார்கோ காந்தனேவா என்ற பயிற்சியாளரும் சேர்ந்து இதற்கென்று தனிக் கோலையும் தனி நடைமுறையையும் கொண்டுவந்தார்கள். 2000-இல் சர்வதேசச் சங்கமே வந்துவிட்டது. கோல் விற்கிறவர்கள் வளர்த்த விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாமா? ஆய்வகம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு ஒதுக்கலாம்.

டாலஸ் நகரின் கூப்பர் ஆய்வு நிறுவனத்தார் 2002-இல் வெளியிட்ட சோதனையில் 22 பேர் கோலோடும் கோலில்லாமலும் நடந்தார்கள். கோலோடு நடந்தபோது ஆக்சிஜன் செலவு சராசரியாகச் சுமார் 20 விழுக்காடு கூடியது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிது. கோலை எவ்வளவு அழுத்தித் தள்ளினார்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆச்சரியம் இதில் இல்லை. கூடுதல் தசை வேலை செய்தால் கூடுதல் செலவு ஆகத்தான் செய்யும். எவ்வளவு சிரமமாக இருந்தது என்று கேட்டபோது, இரண்டு நடைக்கும் அவர்கள் ஒரே பதிலைச் சொன்னார்கள். ஆச்சரியம் அதுதான்.

சிரமத்தை எப்படிக் கேட்டு அளப்பது? ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் இதற்கொரு அளவுகோல் செய்து வைத்திருக்கிறார். அது 6-இல் தொடங்கி 20-இல் முடியும். ஏன் இந்த விசித்திர எண்கள் என்றால், பத்தால் பெருக்கினால் தோராயமாக அந்த நேரத்து நாடித் துடிப்பு வர வேண்டும் என்பது அவர் கணக்கு: ஓய்வில் 60, உச்சத்தில் 200. பொதுவாக உடம்பும் மனசும் இப்படி ஒத்துப்போகும். கோல் நடையில் நாடி கொஞ்சம் ஏறுகிறது, மனசு அதைக் கண்டுகொள்வதில்லை. வேலை பல தசைகளுக்குப் பங்கிடப்படுவதால் எந்த ஒரு தசையும் புகார் செய்யும் அளவுக்குக் களைப்பதில்லை என்பது ஒரு விளக்கம். மூச்சு முட்டுவதற்கு முன்பே தொடை வலிதான் நம்மை நிறுத்தச் சொல்லும் என்பதை யோசித்தால், விளக்கம் பொருத்தமாகவே படுகிறது.

இந்த 20 விழுக்காட்டை எண்ணி ரொம்பவும் பூரித்துப்போக வேண்டியதில்லை. 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் 250 கிலோகலோரியை ஒட்டிச் செலவாகும். அதில் 20 விழுக்காடு என்றால் 50. ஓர் இட்லி. முழங்காலுக்கு இதம் என்று விளம்பரங்கள் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 25 பாகைச் சரிவில் இறங்கும்போது கோல் முழங்காலின் சுமையை 12 முதல் 25 விழுக்காடு வரை குறைக்கிறது என்பது 1999-இல் அளக்கப்பட்டது. சமதளத்தில் நார்டிக் நடையை அளந்த ஆய்வுகள் அப்படிப்பட்ட குறைவைக் காணவில்லை. கோலோடு நடப்பவர் எட்டி அடி வைக்கிறார். கோல் மிச்சப்படுத்தியதை நீண்ட அடி தின்றுவிடுகிறது.

கோலின் மெய்யான அனுகூலம் குழுவாக நடக்கும்போது தெரிகிறது. ஒவ்வொருவருக்கும் சிக்கனமான வேகம் ஒன்று உண்டு, அது கால் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும். 75 சென்டிமீட்டர் காலுக்கு மணிக்கு 5 கிலோமீட்டர் தோதானால், 95 சென்டிமீட்டர் காலுக்கு ஐந்தரைக்கு மேல். சேர்ந்து நடந்தால் குட்டையானவர் ஓட்டமும் நடையுமாக வர வேண்டும், அல்லது நெட்டையானவர் அலுத்துக்கொள்ள வேண்டும். கோல் வந்தால் வேகத்தை மாற்றாமலே உழைப்பை மாற்றிக்கொள்ளலாம். உடல்வலு உள்ளவர் அழுத்தித் தள்ளுவார், மற்றவர் மெல்லத் தொட்டுக்கொண்டு போவார், பேச்சு அறுபடாது. இந்தப் பேச்சே ஓர் அளவுமானி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பது பயிற்றுநர்கள் சொல்லும் விதி. முழு வாக்கியம் பேச முடியாமல் போகும் இடமும், உடம்பு மூச்சின் கணக்கை மாற்றும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இந்த விதி நன்றாகவே வேலை செய்கிறது.

இனி பாதையோரத்துத் தண்ணீரும் சேறும்.

எக்ஸ் ஆறு பிறப்பது எக்ஸ்மோர் மேட்டு நிலத்தில், வடக்குக் கடற்கரைக்கு மிக அருகில். அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் கடலில் விழுந்திருக்கலாம். அது தெற்கே திரும்பி, நாட்டைக் குறுக்கே கடந்து, நூறு கிலோமீட்டரை ஒட்டி ஓடி ஆங்கிலக் கால்வாய்க் கடலில் கலக்கிறது. வரும் வழியெல்லாம் சேர்த்த களிமண் துகள்கள் அதில் மிதந்து வருகின்றன. ஒவ்வொரு துகளின் மேற்பரப்பிலும் எதிர்மின்னூட்டம். நன்னீரில் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். உப்புநீரைத் தொட்டதும், அதிலுள்ள நேர்மின் அயனிகள் அந்த விலக்கத்தை மறைத்துவிடும். துகள்கள் ஒட்டிக்கொண்டு திரிந்து, கனத்து, கீழே இறங்கும். கழிமுகத்தில் சேறு சேர்வதற்கு ஆற்றின் வேகம் குறைவது ஒரு காரணம், இந்த மின்வேதியியல் இன்னொரு காரணம். ஆற்று வாயை டாலிஷ் வாரன் என்ற மணல்நாக்கு முக்கால்வாசி அடைத்துக்கொண்டு அலையைத் தடுப்பதால், இறங்கிய சேறு அங்கேயே தங்கிவிடுகிறது.

    

கடல் வற்றியதும் சேற்றின்மேல் தங்கம் கலந்த பழுப்பாக ஒரு மினுக்கம் படர்வதைப் பாதையிலிருந்தே பார்க்கலாம். அது டயாட்டம் எனப்படும் ஒற்றைச்செல் பாசி. பகலில் நீர் இறங்கியதும் கோடிக்கணக்கில் சேற்றுக்குள்ளிருந்து மேலேறி வந்து வெயில் காய்ந்து, நீர் திரும்புவதற்குச் சற்று முன்பே மறுபடி உள்ளே போய்விடும். ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் கடலே இல்லாத தட்டில் வைத்தாலும் சில நாட்களுக்கு இந்த ஏறி இறங்கலை அவை விடுவதில்லை. ஊர்வதற்காக அவை கசியும் சர்க்கரைக் கூழ் சேற்றைக் கட்டிப் பிடித்து அரிப்பையும் தடுக்கிறது. அந்தப் பாசியைத் தின்ன நெல்மணி அளவு சேற்று நத்தைகள், சதுர மீட்டருக்குப் பல்லாயிரமாக. கீழே புழுக்கள், சிப்பிகள். இத்தனையையும் தின்ன வடக்கிலிருந்து பறவைகள். கருவால் மூக்கன் ஐஸ்லாந்திலிருந்து வருகிறது. கடற்புல்லை மேயக் கரும் பிரெண்ட் வாத்து சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்திலிருந்து வருகிறது. (கருவால் மூக்கனின் வேறு கூட்டங்கள் நம் கோடியக்கரைக்கும் வருவது உண்டு.) சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் எக்ஸ் கழிமுகம் இடம்பெற்றிருப்பது இவற்றுக்காகத்தான்.

அரைக் கிலோ எடையில், கறுப்பு வெள்ளை உடம்பும் செம்மஞ்சள் அலகுமாக நடமாடும் சிப்பி பிடிப்பானை இந்தக் கழிமுகத்தில் ஜான் காஸ்-கஸ்டர்டும் சகாக்களும் 1970-களிலிருந்து பல பத்தாண்டுகள் விடாமல் ஆராய்ந்தார்கள். உலகில் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கெடுக்கப்பட்ட கரைப்பறவைக் கூட்டம் அரிது. சிப்பியைத் திறக்க அவற்றுக்கு இரண்டு வழி. சில பறவைகள் ஓட்டைச் சுத்தியலாக அடித்து உடைக்கும். சில, சற்றே திறந்த வாய்க்குள் கத்தியாகக் குத்தி மூடுதசையை அறுக்கும். ஒரு பறவை பெரும்பாலும் ஒரு வழியிலேயே நிற்கும், அதற்கேற்ப அலகின் முனை மொட்டையாகவோ கூராகவோ தேயும். அலகு நாளுக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்ந்துகொண்டே இருப்பதால், இரை மாறினால் சில வாரங்களில் முனையின் வடிவமும் மாறிவிடும்.

இவற்றின் குளிர்காலம் முழுக்க வரவு செலவுக் கணக்குதான். குளிர் கூடக் கூட உடம்பைச் சூடாக வைக்கும் செலவு ஏறும். அதே மாதங்களில் சிப்பிக்குள் இருக்கும் சதை மெலிந்துகொண்டே போகும். தின்னும் நேரத்தையும் கடல்தான் தீர்மானிக்கிறது. திட்டு மூழ்கிவிட்டால் கடை மூடல். போதாததற்கு, வலுத்த பறவை இளைத்ததன் வாயிலிருந்து திறந்த சிப்பியைப் பறித்துக்கொள்ளும். இந்த நிலையில் மனிதர்களோ நாயோ நெருங்கி, பறவை எழுந்து பறந்தால், பறக்கும் செலவு ஒரு பக்கம், இழந்த தீனி நேரம் மறு பக்கம். செலவழிக்கவே கோலெடுத்து வந்தவர்கள் ஒரு காலணா மிச்சமில்லாதவற்றின் ஓரமாக நடந்து போகிறார்கள்.

கழிமுகத்தில் நடப்பவர்கள் பிப்ரவரியில் பூரிப்போடு சொல்வதைக் கேட்கலாம்: பறவைகள் நமக்குப் பழகிவிட்டன, அக்டோபரில் தூரத்திலேயே பறந்தோடியவை இப்போது கிட்டப் போனாலும் அசைவதில்லை. ரிச்சர்ட் ஸ்டில்மனும் காஸ்-கஸ்டர்டும் இதே எக்ஸ் கரையில் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வேறு காரணம் சொல்கிறது. குளிர்காலம் முற்ற முற்ற, சிப்பி பிடிப்பான்கள் மனிதரை நெருங்க விட்டுத்தான் பறக்கின்றன, பறந்தாலும் சீக்கிரம் திரும்பிவிடுகின்றன. தேவை அதிகம், தீனி குறைவு. பறந்தோட அவற்றுக்குக் கட்டுப்படி ஆகவில்லை. அசையாமல் நிற்கும் பறவைக்குத் துணிச்சல் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, பசி பயத்தை வென்றிருக்கிறது. இந்தக் கழிமுகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் என்னை உலுக்கியது இதுதான்.

எவ்வளவு தொந்தரவை அவை தாங்கும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கடலுக்கு அக்கரையில், பிரான்ஸின் சோம் விரிகுடாவில், காஸ்-கஸ்டர்டும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் செய்து 2006-இல் வெளியிட்டது. தீனி நிறைந்த, குளிர் மிதமான ஆண்டில் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை வரை கலைக்கப்பட்டாலும் சிப்பி பிடிப்பான் தாக்குப்பிடிக்கும். மோசமான ஆண்டிலோ 0.2 முதல் 0.5 முறைதான், அதாவது இரண்டு முதல் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை. இந்தக் கணக்கைப் படித்தபின் குழு நடையைப் பற்றி என் அபிப்பிராயம் மாறியது. பதினைந்து பேர் அரட்டையடித்துக்கொண்டு போவது பறவைக்கு உபத்திரவம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பதினைந்து பேரும் தனித்தனியாக, ஆளுக்கொரு நேரத்தில் வந்திருந்தால் அது பதினைந்து கலைப்பு. ஒட்டிப் போகும் குழு ஒரே கலைப்பு. வால் நீண்டு சிதறிப் போகும் குழுவுக்கு இந்தச் சலுகை கிடையாது. முன்னவர் கடந்ததும் இறங்கிய பறவையைப் பின்னவர் மறுபடி எழுப்புவார்.

எக்ஸ்மத் பக்கம் கடற்புல் வளரும் திட்டுக்கு ஆண்டுதோறும் செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை யாரும் இறங்காமல் ஒதுங்கிக்கொள்ளும்படி வேண்டுகோள் இருக்கிறது. டாலிஷ் வாரன் பக்கத்துத் திட்டுக்கு ஆண்டு முழுதும். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை, பிரெண்ட் வாத்து வந்து சேர்ந்து புல்லை மேய்ந்து தீர்க்கும் மாதங்கள். தார்ப்பாதையிலேயே போகும் கோல்காரர்களுக்கு இந்த எல்லைகளால் நஷ்டம் ஏதுமில்லை.

அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது கடல் ஏற்ற அட்டவணையை. நீர் நன்றாக வற்றியிருக்கும்போது பறவைகள் தூரத்துத் திட்டுகளில் மேயும். பாதையில் போகிறவர் யாரென்று அவை கவலைப்படுவதில்லை. நீர் உச்சத்தில் நிற்கும்போது டாலிஷ் வாரன்போன்ற ஒதுக்கிடங்களில் கூட்டமாக ஓய்வெடுக்கும். இடைப்பட்ட நேரம்தான் சிக்கல்: ஏறிவரும் நீர் திட்டுகளை ஒவ்வொன்றாக மூழ்கடித்து, கடைசி வாய்க்காக அலையும் பறவைகளைப் பாதையோரச் சேற்றுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது. கடல் ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் ஆறு மணி நேரம் ஆகிவிடும். ஆகவே சனிக்கிழமை பத்து மணி என்று நேரம் குறித்துக் கிளம்பும் குழு, ஒரு வாரம் நீர் ததும்பும் கழிமுகத்தையும், அடுத்த வாரம் அதே பத்து மணிக்கு வெறும் சேற்றையும் பார்க்கும். இடைப்பட்ட அந்த ஏற்ற நேரத்தில் புறப்பாடு அமைந்துவிட்டால், ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பலாம், அல்லது மேலே ஆற்றோரமாக இருக்கும் டாப்ஷம் ஊரைக் கடந்து உள்நாட்டுப் பக்கமாக நடந்துவிட்டு வரலாம். ரப்பர் குளம்பைக் கழற்றி உலோக முனையை மண்ணில் குத்தி நடக்க அங்கே வழி உண்டு.